இத்தாவில் வந்த போன்

என் கணவர் இறந்த இரண்டாவது மாதத்தில் எனக்கு ஒரு புதுப் போன் வந்தது. வாங்கியவர் அவரேதான். கொண்டுவந்தவர், வளைகுடாவில் அவரோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்த்தவர், ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். லீவில் ஊருக்கு வந்தவர் என் கணவரின் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், திருவாரூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கு நேரே வந்துவிட்டார்.

நான் அப்போது இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் இருக்க வேண்டும். இது மார்க்கம் சொல்வது. கண்ணாடி பார்க்கக் கூடாது என்பது என் நாத்தனார் சொல்வது. அவர் என் கணவரின் அக்கா. மவுத்துச் செய்தி வந்த அன்றே பையும் துணியுமாக வந்து எங்கள் வீட்டில் தங்கிவிட்டார். வந்ததும் முதல் வேலையாகப் பீரோ கண்ணாடி மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டார். அப்படி எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்கலாம்தான். ஆனால் அவரிடம் கேள்வி கேட்டு ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை.

என் கணவரை வளைகுடாவிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஊருக்குக் கொண்டுவர நாளாகும், அதுவரை மய்யித்தைக் காக்கவைப்பது நல்லதில்லை என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்கள். சரி என்றேன். தலையாட்டிய பிறகுதான் புத்தியில் உறைத்தது, முகம் பார்க்காமல் அனுப்பச் சம்மதித்துவிட்டேன் என்று. அடக்கத்துக்கு முன்னால் யாராவது ஒரு படம் எடுத்திருப்பார்கள், அதையாவது காட்டுங்கள் என்று அழுதேன். நாத்தனாரின் வீட்டுக்காரர் அங்கே இருக்கிற எல்லாருக்கும் போன் போட்டு, ஒரு படமும் அனுப்ப வேண்டாம், பெண்பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்க மாட்டேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இன்றுவரை எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

என் கணவர் கடைசியாக ஊருக்கு வந்துபோய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவரை நான் பார்த்ததெல்லாம் என் பழைய போனில்தான். அந்தப் போனில் பார்ப்பதும் ஒன்று, பார்க்காமல் இருப்பதும் ஒன்று. அந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அறுவடை முடிந்த சமயம். குத்தகைக்கு விட்டிருந்த வயலிலிருந்து எங்கள் பங்கு நெல் வந்து கூடத்தில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. கொல்லைக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் நழுவி வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது. அரிசிக்குள் போட்டு வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். பானையில் அரிசி அடியில் கிடந்தது. கூடத்திலோ அத்தனை மூட்டை நெல். அரிசி செய்கிற வேலையை நெல் செய்யாதா என்று நினைத்து, ஒரு மூட்டையைப் பிரித்துப் போனை அதற்குள் ஆழமாகப் புதைத்துவிட்டேன். புதுநெல்லில் சுணை இருக்கும். மேலே பட்டால் குளிக்கிறவரை அரித்துக்கொண்டே இருக்கும் அந்தத் தூசி. மறுநாள் எடுத்தபோது போன் உயிரோடுதான் இருந்தது. ஆனால் சுணை கேமராக் கண்ணாடிக்குள்ளேயே புகுந்துவிட்டிருந்தது. திரையின் நடுவில், வீடியோ காலில் சரியாக அவர் முகம் வருகிற இடத்தில், தண்ணீர்க்கறை சாம்பல் நிறத்தில் படர்ந்துவிட்டது.

விஷயத்தைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “உலகத்துலயே நெல்லு மூட்டைக்குள்ள போனை வெச்ச ஒரே பொம்பள நீதான். அவிச்சுக் காயப்போடாம விட்டியே, அதுவரைக்கும் சந்தோஷம்” என்றார். உனக்குப் புதுப் போன் வாங்கிவிடுகிறேன், ஆள் வரும்போது கொடுத்துவிடுகிறேன் என்றும் அன்றைக்கே சொன்னார்.

அதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சோப்பு வந்தது, பேரீச்சம்பழம் வந்தது, தைலம் வந்தது, யாரும் கேட்காத கம்பளி ஒன்று வந்தது. இந்த ஊர் வெயிலுக்குக் கம்பளி! போன் மட்டும் வரவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு சாக்கு. ஒருநாள் எனக்கு ரொம்பவும் ஆத்திரம் வந்து, “ஒங்க மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சு. கறைக்குப் பின்னால யாரோ ஒக்காந்து பேசுறாங்க” என்றேன். அவர், “இந்தப் போன்லதான் நான் இன்னும் மாப்பிள்ளையாட்டம் தெரியறேன். அது அப்படியே இருந்துட்டுப் போவட்டும்” என்றார். கஞ்சத்தனம் என்று நினைத்து நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

இப்படி வராமல் இழுத்தடித்த போன்தான் அவர் போன பிறகு வந்து சேர்ந்தது.

ஒரத்தநாட்டுக்காரர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். நடுக்கதவில் நாத்தனார் கட்டிய திரைச்சீலை. நான் திரைக்கு உட்பக்கம் இருந்தேன். என் மகள் திருவாரூரில் கல்லூரியில் படிக்கிறவள், அவள்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருந்தாள். அட்டைப்பெட்டியை உள்ளே கொண்டுவந்து பிரித்தாள். சட்டைகள், கைலிகள், தொழுகை விரிப்பு, மூக்குக்கண்ணாடி. எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுற்றிக் கட்டிய ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. பிரிக்காத பெட்டி. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூடக் கிழியவில்லை. நாத்தனார் அதைப் பார்த்ததும், “கடைசியா ஒனக்குன்னு வாங்கி வெச்சிருக்கான் பாரு” என்று அழ ஆரம்பித்தார். நானும் அழுதேன்.

பெட்டியைத் திறந்த மகள் போனை என் கையில் வைத்தாள். முதலில் தெரிந்தது அதன் கனம். பழைய போன் பிளாஸ்டிக், தொட்டால் வெதுவெதுவென்று இருக்கும். இது முன்னும் பின்னும் கண்ணாடி, சில்லென்றிருந்தது. என் உள்ளங்கைக்கு அது அகலம் அதிகம், கட்டைவிரல் மறுகோடிக்கு எட்டவில்லை. விளிம்பு வழவழப்பாக இருந்ததால் நழுவிவிடும் என்ற பயத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். திரை மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை மகள் உரித்தபோது உள்ளே கறுப்பாக, ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் இருந்தது. இதில் அவர் முகம் எப்படித் தெரிந்திருக்கும் என்றுதான் உடனே தோன்றியது.

பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்திப் பிடித்தாள். அப்போதும் இல்லை.

“புதுப் போன்ல பாதி சார்ஜாவது இருக்கும்மா. இது சுத்தமா செத்துக் கெடக்கு” என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சார்ஜில் போட்டுவிட்டு ஒரத்தநாட்டுக்காரருக்குச் சாப்பாடு வைத்தோம். அவர் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் திரையில் வெளிச்சம் வந்தது. அத்தனை வெளிச்சத்தை அந்த அறை அதுவரை பார்த்ததில்லை. ஜன்னலை அடைத்துத்தானே வைத்திருந்தோம். எந்த மொழி வேண்டும் என்று கேட்டது, மகள் தமிழைத் தொட்டாள். எழுத்துகள் கூர்மையாக, புதிதாக அச்சடித்த பாடப்புத்தகம் மாதிரி இருந்தன. கண்ணாடி போடாமலே என்னால் வாசிக்க முடிந்தது. அந்தத் துக்கத்திலும் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு வந்தது தொல்லை. புதுப்பிக்க வேண்டும் என்றது. புதுப்பித்து அணைந்து மறுபடி எழுந்தது. எழுந்ததும் இன்னொரு முறை புதுப்பிக்க வேண்டும் என்றது. அதை முடித்தால் அதற்கு மேலும் ஒன்று. மகள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ம்மா, இது இப்ப வந்த போன் இல்ல. இந்த மாடல் வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. கடையில இப்ப கெடைக்கவே கெடைக்காது.”

“மவுத்தானவன் வாங்கினதுல குத்தம் பாக்காத” என்று நாத்தனார் அதட்டினார்.

“குத்தம் சொல்லல மாமி. அத்தா இத இப்ப வாங்கியிருக்க முடியாதுன்னு சொல்றேன்.”

அதற்குள் போன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. பூட்டைத் திறக்க என் முகத்தைக் காட்டச் சொன்னது. வட்டமாக ஒரு கட்டம் வந்தது, அந்த வட்டத்துக்குள் நான் வந்துவிட்டேன். நாத்தனார் பாய்ந்து வந்து கையால் மறைப்பதற்குள் பார்த்துவிட்டேன். பல வாரங்களாகப் பார்க்காத என் முகம். வெள்ளைச் சேலை, கழற்றி வைத்த தோட்டின் ஓட்டை, கண்ணுக்கடியில் கருத்த தோல், உதட்டோரத்தில் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாத கோடுகள். இந்தப் போன் எதையும் மறைக்காது என்று அப்போது புரிந்தது. இது வந்திருந்தால் அவரும் என்னை இப்படித்தான் பார்த்திருப்பார். நானும் அவரை இப்படித்தான் பார்த்திருப்பேன்.

போனைப் பாயில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து, திரைச்சீலையை ஒட்டி உட்பக்கமாக வந்து நின்றேன். நாத்தனார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை.

“தம்பி, இந்தப் போனை அவங்க எப்ப வாங்குனாங்க?”

கை கழுவிய சொம்பை அவர் தரையில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“நீங்க சொல்லித்தான் ஆகணும்” என்றேன்.

“நீங்க போனை நெல்லுக்குள்ள போட்டீங்களே அண்ணி, அந்த வாரமே வாங்கிட்டாங்க. நானும்தான் கூடப் போனேன். நல்ல கேமராவா பாத்துக் குடுங்கன்னு கடைக்காரனப் பாடாப் படுத்திட்டாங்க.”

“அப்பறம் ஏன் அனுப்பல?”

பேச ஆரம்பித்தவர் நிறுத்தாமல் பேசினார். போனை வாங்கிய கொஞ்ச நாளிலேயே என் கணவருக்குக் கால் வீங்கியதாம். சர்க்கரை ஏற்கெனவே இருந்தது, அது சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். முகம் உப்பி, நிறம் கருத்து, முடியெல்லாம் கொட்டிப்போனதாம். வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்தம் பண்ணப் போய்க்கொண்டே வேலையும் பார்த்தாராம். என்னோடு வீடியோ காலில் பேசுவதற்கு முன்னால் அறை விளக்கை அணைத்துவிட்டு, வராந்தா விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாராம்.

“ஊருக்கு யாராச்சும் கெளம்புனா டிரங்குப் பெட்டியத் தொறந்து இந்தப் போனை வெளிய எடுப்பாங்க அண்ணி. கையில வெச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. திருப்பி உள்ள வெச்சிடுவாங்க. ஏண்ணே, குடுத்து விடுங்கண்ணேன்னு நான் சண்டையே போட்டிருக்கேன். ‘இதுல பாத்தா அவ கண்டுபுடிச்சிடுவாடா’ன்னாங்க. கண்டுபுடிச்சா என்னண்ணே, ஊருக்குப் போய் வைத்தியம் பாத்துக்கலாமேன்னேன். ‘அவ வந்துடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா என்னால இங்க இருக்க முடியாது. புள்ள படிப்பு முடியட்டும்’னாங்க.”

மகள் பெட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் படிப்பு என்ற சொல் அவள் மேல் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நாத்தனார் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம். நான் கஞ்சத்தனம் என்று பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளும் அவர் அங்கே ஊசியோடு படுத்திருந்திருக்கிறார். அதைத் தெரிந்துகொள்ள எனக்கிருந்த பாத்தியதையை அவராகவே எடுத்து டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்.

“கடைசியா அவங்க முகத்த நீங்க படம் எடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

“வீடியோ இருக்கு அண்ணி. ஆனா ஒங்க வீட்ல அனுப்பக் கூடாதுன்னு…”

“என் வீடு நாந்தான். அனுப்புங்க.”

“வேணாம்மா” என்றார் நாத்தனார். “அவனே மறைக்கணும்னு நெனச்ச முகம். அவன் நெனப்புக்கு மரியாத குடு.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. “ஒங்க தம்பி உயிரோட இருந்தப்ப மறைச்சாங்க, மச்சி. அது எனக்குத் தெரியாது, ஏமாந்தேன். இப்பத் தெரிஞ்சும் நான் ஏமாறணுமா?” என்றேன். அவர் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். முதல் தடவையாக அவரை ஜெயித்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

மகள் புதுப் போனைத் திரைச்சீலைக்கு அடியில் வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரத்தநாட்டுக்காரர் தன் போனை அதனருகே வைத்தார். கொஞ்ச நேரத்தில் வீடியோ வந்து சேர்ந்தது. அந்தப் போனில் நான் பார்த்த முதல் படம் அதுதான்.

ஒரு பெரிய அறை, வரிசையாக ஆண்களின் கால்கள், வெள்ளைத் துணி. யாரோ குனிந்து துணியை விலக்கினார்கள். எனக்குத் தெரியாத ஒருவர் அங்கே படுத்திருந்தார். கன்னம் உப்பியிருந்தது, உதடு கருத்திருந்தது, தாடி முழுக்க நரைத்திருந்தது. ஆள் மாறிவிட்டது என்றே ஒரு நொடி நினைத்தேன், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, என்னவர் இன்னும் அங்கே இருக்கிறார் என்று. படத்தை விரலால் பெரிதாக்கச் சொல்லிக்கொடுத்தாள் மகள். பெரிதாக்கினேன். இடது புருவத்தில் முடி பாதியோடு நின்றுபோகிற இடம் தெரிந்தது. கல்யாணமான புதிதில் அதைக் கேலி செய்து அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். புருவத்தின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. அத்தனை நல்ல போன்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குரல் கேட்டது, தமிழ்க் குரல்தான். இறந்தவர் யாருக்காவது ஏதாவது குறை செய்திருந்தால் அதை மன்னித்துப் பொருத்தம் கொடுங்கள் என்று அடக்கத்துக்கு முன்னால் கூடியிருப்பவர்களைக் கேட்பது எங்கள் வழக்கம். அந்தக் குரல் அதைத்தான் கேட்டது. “கொடுத்தோம்” என்று ஆண்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். ஒரத்தநாட்டுக்காரரின் குரலும் அதில் கேட்டது. என்னிடமும் அன்று போனில் கேட்டார்கள். கொடுத்தேன் என்று நானும் சொன்னேன். எதற்குக் கொடுக்கிறேன் என்று தெரியாமல் சொன்னேன். கம்பளி அனுப்பியதற்கு, கோபித்துக்கொண்டதற்கு, வருஷக்கணக்கில் தனியாக விட்டதற்கு என்றெல்லாம் நினைத்துக்கொண்டு சொன்னேன்.

“இப்பச் சொல்லிடு” என்றார் நாத்தனார் மெதுவாக. “மொகத்தப் பாத்துச் சொல்லிடு. அவனுக்கு லேசா இருக்கும்.”

நான் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை.

இத்தா முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. பீரோ கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டோம், நாத்தனார் தன் வீட்டுக்குப் போய்விட்டார், மகள் கல்லூரிக்குப் போய்வருகிறாள். புதுப் போனில்தான் இப்போது எல்லாரோடும் பேசுகிறேன். படம் பளிச்சென்று வருகிறது, எதிரில் இருக்கிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். தனியாக இருக்கும்போது அந்த வீடியோவைப் போட்டு, அந்த முகத்தை ஒன்றுக்கு இரண்டாகப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அந்தக் குரல் கேட்கும், ஆண்கள் பதில் சொல்வார்கள். இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் உட்காருகிறேன். கொடுத்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். “வந்துடுங்க” என்றுதான் வருகிறது.